கல்யாண டிவிடி லேப்டாப்புக்குள் சிக்கிக்கொண்டதா? கத்தியைக் கீழே வையுங்க... ஒரு ஜெம் கிளிப் போதும்!

அப்பா அம்மாவின் பதினைந்தாவது கல்யாண நாள். ராத்திரி சாப்பாடு முடிந்ததும், கல்யாண வீடியோவைப் பார்க்கலாம் என்று பிள்ளைகள் ஆசையாகக் கேட்கிறார்கள். பீரோவின் மேல்தட்டில் பட்டுப்புடவைகளுக்கு அடியில் இருக்கும் ஆல்பத்தை எடுத்து, அதோடு இருக்கும் டிவிடியை உருவுகிறார் அம்மா. டிவிடி மேல் மாலையும் கழுத்துமாக மாப்பிள்ளை, பெண் படம் போட்ட ஸ்டிக்கர். பரணில் கிடந்த பழைய லேப்டாப் கீழே இறங்குகிறது. சார்ஜர் போட்டதும் உயிர் வருகிறது. பட்டனை அமுக்கினால் பக்கவாட்டில் ட்ரே வெளியே வருகிறது. டிஸ்க்கை வைத்து உள்ளே தள்ளுகிறார்கள்.

கர்ர்ர்... கரகர... டக்.

அவ்வளவுதான். திரையில் படமும் வரவில்லை, டிஸ்க்கும் வெளியே வரவில்லை. பட்டனை எத்தனை முறை அமுக்கினாலும் பலன் இல்லை. "கத்தியை விட்டு நெம்பிப் பாரேன்" என்று ஹாலில் இருந்து ஒரு குரல் வருகிறது.

பழைய டிவிடி உள்ள எந்த வீட்டிலும் இது நடக்கலாம். லேப்டாப் போனால் இன்னொன்று வாங்கிக்கொள்ளலாம். ஆனால், உள்ளே இருப்பது அந்தக் கல்யாணத்தின் ஒரே பிரதி. அதில் பந்தலில் வாழைமரம் கட்டிக்கொண்டிருக்கும் தாத்தா இன்றைக்கு உயிரோடு இல்லை. அதனால் முதல் வேலை, கத்தியைச் சமையலறைக்கே திருப்பி அனுப்புவதுதான். டிஸ்க்குக்குச் சேதம் இல்லாமல் அதை வெளியே எடுக்க என்ன செய்யலாம், ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

டிஸ்க் ஏன் சிக்குகிறது?

லேப்டாப்பில் இருக்கும் டிவிடி டிரைவ் மிகவும் ஒல்லியானது. அதன் மொத்தக் கனமே பெரும்பாலும் 12.7 மி.மீ அல்லது 9.5 மி.மீ.தான். அதற்குள் மோட்டார், லேசர் லென்ஸ், ட்ரே எல்லாம் அடங்க வேண்டும். டிஸ்க்கின் கனம் 1.2 மி.மீ. டிஸ்க்குக்கும் டிரைவின் மேல்மூடிக்கும் நடுவே இருப்பது நூலிழை இடைவெளிதான்.

மேஜை கம்ப்யூட்டரின் ட்ரேயில் டிஸ்க்கைச் சும்மா வைத்தால் போதும், உள்ளே போனதும் அது தானாகப் பிடித்துக்கொள்ளும். லேப்டாப் ட்ரே அப்படி இல்லை. நடுவில் இருக்கும் குமிழில், சுற்றிலும் மூன்று சின்னப் பிடிகள் இருக்கும். டிஸ்க்கை வைத்து, நடுத்துளையைச் சுற்றி விரலால் அமுக்க வேண்டும். 'டக்' என்று உட்கார்ந்தால்தான் சரி. மேஜை கம்ப்யூட்டர் பழக்கத்தில் மேலோட்டமாக வைத்துத் தள்ளிவிட்டால், டிஸ்க் சாய்ந்து நின்று மேல்மூடியில் உரசும். சிக்கலின் முதல் காரணம் இது.

இரண்டாவது காரணம், அந்த அழகான ஸ்டிக்கர். பல ஆண்டுகள் பீரோ வெப்பத்தில் இருந்ததில் ஸ்டிக்கரின் பசை இளகியிருக்கும். டிரைவுக்குள் போன டிஸ்க், நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான முறை சுழலும். உள்ளே சூடும் ஏறும். ஸ்டிக்கரின் ஒரு மூலை கிளம்பினால் போதும், அது மேல்மூடியில் மாட்டிக்கொள்ளும். அந்தக் கரகர சத்தம் பெரும்பாலும் இதனால்தான்.

மூன்றாவது, டிரைவின் வயது. லேப்டாப் டிரைவில் எஜெக்ட் பட்டனை அமுக்கினால், உள்ளே ஒரு குட்டி மின்காந்தம் கொக்கியை விடுவிக்கும். உடனே ஸ்பிரிங் ட்ரேயை வெளியே தள்ளும். வருடக்கணக்கில் பரணில் கிடந்த லேப்டாப்பில் தூசி சேர்ந்து கொக்கி இறுகியிருக்கலாம், ஸ்பிரிங் தளர்ந்திருக்கலாம்.

நான்காவது காரணம் ரொம்பச் சாதாரணமானது. டிரைவில் ஒரு கோளாறும் இருக்காது. ஏதோ ஒரு மென்பொருள் டிஸ்க்கைப் படித்துக்கொண்டே இருப்பதால், ட்ரேயைத் திறக்க கம்ப்யூட்டர் அனுமதி தராமல் இருக்கும்.

முதலில் காதைக் கொடுத்துக் கேளுங்கள்

எந்தக் கருவியையும் எடுக்கும் முன் எஜெக்ட் பட்டனை ஒரு முறை அமுக்கி, டிரைவ் என்ன செய்கிறது என்று கவனியுங்கள்.

விளக்கு விடாமல் மினுக்கி, உள்ளே சுழலும் சத்தம் கேட்டால், டிரைவ் இன்னும் டிஸ்க்கைப் படிக்கப் போராடிக்கொண்டிருக்கிறது. இரண்டு நிமிடம் விட்டுவிடுங்கள். சில நேரம் அதுவே தோற்று ஓய்ந்துவிடும். பிறகு பட்டனை அமுக்கினால் திறக்கும்.

'க்ளிக்' என்று மெல்லிய சத்தம் வந்தும் ட்ரே அசையவில்லை என்றால், மின்காந்தம் வேலை செய்கிறது, எங்கோ இறுகியிருக்கிறது.

விளக்கும் இல்லை, சத்தமும் இல்லை என்றால், டிரைவுக்கு மின்சாரம் போகவில்லை அல்லது பட்டன் வேலை செய்யவில்லை.

கரகர என்று உரசும் சத்தம் கேட்டால் மட்டும் காத்திருக்க வேண்டாம். உடனே லேப்டாப்பை ஆஃப் செய்யுங்கள். டிஸ்க் சுழலும் ஒவ்வொரு விநாடியும் கீறல் ஆழமாகும்.

கருவி இல்லாமல் முடியுமா?

உரசல் சத்தம் இல்லாதபட்சத்தில், கம்ப்யூட்டர் வழியாகவே கேட்டுப் பார்க்கலாம்.

விண்டோஸ் லேப்டாப் என்றால், வீடியோ பிளேயர் உட்பட திறந்திருக்கும் எல்லாவற்றையும் மூடுங்கள். 'திஸ் பிசி'யைத் திறந்து, டிவிடி டிரைவின் படத்தின் மேல் மவுஸின் வலது பட்டனை அழுத்தினால் வரும் பட்டியலில் 'எஜெக்ட்' இருக்கும். அதை அழுத்துங்கள். டிரைவ் பயன்பாட்டில் இருப்பதாகச் செய்தி வந்தால், ஏதோ ஒரு மென்பொருள் இன்னும் டிஸ்க்கை விடவில்லை என்று அர்த்தம்.

அப்போது லேப்டாப்பை ரீஸ்டார்ட் செய்யுங்கள். திரையில் கம்பெனியின் பெயர் தோன்றும் அந்தச் சில விநாடிகளில், விண்டோஸ் வருவதற்கு முன்பே, டிரைவின் எஜெக்ட் பட்டனை அமுக்குங்கள். அந்த நேரத்தில் ட்ரேயைப் பூட்டிவைக்க எந்த மென்பொருளும் இல்லை. திறந்துவிட்டால், கோளாறு மென்பொருளில்தான். திறக்கவில்லை என்றால், கோளாறு டிரைவுக்குள். அடுத்த கட்டத்துக்குப் போகலாம்.

அந்தக் குட்டித் துளை எதற்கு?

ட்ரேயின் முகப்பை உற்றுப் பாருங்கள். எஜெக்ட் பட்டனுக்கும் சின்ன விளக்குக்கும் பக்கத்தில் ஓர் ஊசித் துளை இருக்கும். அது காற்றுக்காக வைத்ததும் இல்லை, மைக்கும் இல்லை. இந்த மாதிரி நேரத்துக்காகவே வைத்திருக்கும் அவசர வழி அது. மின்சாரமே இல்லாவிட்டாலும் கொக்கியை விடுவிக்கும்.

தேவையானது ஒரே ஒரு ஜெம் கிளிப். அதை நிமிர்த்தி, நான்கு ஐந்து சென்டிமீட்டர் நேரான கம்பியாக்கிக்கொள்ளுங்கள்.

1. லேப்டாப்பை முழுமையாக ஷட் டவுன் செய்யுங்கள். மூடிவைப்பது மட்டும் போதாது. சார்ஜரைப் பிடுங்குங்கள். பேட்டரி கழற்றக்கூடியதாக இருந்தால் அதையும் எடுத்துவிடுங்கள்.

2. டிஸ்க் சுழல்வது முற்றிலும் நிற்க ஒரு நிமிடம் காத்திருங்கள்.

3. கம்பியைத் துளைக்குள் நேராக விடுங்கள். சாய்க்கக் கூடாது. கொஞ்ச தூரம் போனதும் எதன் மீதோ முட்டுவது தெரியும்.

4. முட்டியதும் நிதானமாக, உறுதியாக ஓர் அழுத்து. கொக்கி விடுபட்டால் ட்ரே ஒரு சென்டிமீட்டர் அளவுக்கு வெளியே எட்டிப்பார்க்கும்.

5. கம்பியை எடுத்துவிட்டு, ட்ரேயை விரலால் பிடித்து மெதுவாக இழுங்கள். லேப்டாப் டிரைவில் லேசர் லென்ஸும் ட்ரேயோடு சேர்ந்தே வெளியே வரும். அதைத் தொடாதீர்கள்.

6. டிஸ்க்கை எடுக்கும்போது, நடுவில் இருக்கும் குமிழைக் கட்டைவிரலால் அமுக்கிக்கொண்டு, மற்ற விரல்களால் ஓரத்தைத் தூக்குங்கள். ஓரத்தை மட்டும் பிடித்து நெம்பினால், நடுத்துளையில் விரிசல் விழும்.

ஜெம் கிளிப் இல்லையே என்று வீட்டில் தேடும்போதுதான் தவறுகள் நடக்கின்றன. துடைப்பத்து ஈர்க்குச்சி உள்ளேயே ஒடிந்துவிடும். பல்குச்சியும் அப்படியே. குண்டூசி நீளம் போதாது. போன்களோடு வரும் சிம் ஊசியும் பலவற்றில் குட்டையாகவே இருக்கும். கம்பி விரைப்பாகவும் நீளமாகவும் இருக்க வேண்டும் என்பதுதான் கணக்கு.

பாதி வந்து நின்றுவிட்டதா?

ட்ரே கொஞ்சம் வெளியே வந்து அதற்கு மேல் வர மறுத்தால், டிஸ்க்கோ ஸ்டிக்கரோ மேல்மூடியில் மாட்டியிருக்கிறது. இங்கேதான் எல்லோருக்கும் பொறுமை போகும். இழுத்தால் வந்துவிடும் என்று தோன்றும். வரும், ஆனால் டிஸ்க் இரண்டாக வரும்.

ட்ரேயை மெதுவாக உள்ளே தள்ளி, மறுபடி கம்பியால் திறந்து பாருங்கள். டிஸ்க் கொஞ்சம் இடம் மாறி உட்காரலாம். அதுவும் உதவவில்லை என்றால், மெல்லிய, வளையும் பிளாஸ்டிக் அட்டை ஒன்றை டிஸ்க்குக்கு மேலே, மூடிக்குக் கீழே இருக்கும் இடைவெளியில் நுழையுங்கள். ஃபைலின் பிளாஸ்டிக் மேலட்டையில் இருந்து வெட்டிய துண்டு போதும். டிஸ்க்கை லேசாகக் கீழே அமுக்கியபடி ட்ரேயை இழுக்க வேண்டும். கிளம்பிய ஸ்டிக்கர் மூலையும் இதில் படிந்துவிடும். இரண்டு மூன்று முயற்சிக்கு மேல் வேண்டாம்.

ட்ரே இல்லாத லேப்டாப் என்றால்?

பழைய மேக்புக் போன்ற சிலவற்றில் ட்ரே கிடையாது. உண்டியல் வாய் மாதிரி ஒரு பிளவு மட்டும் இருக்கும். டிஸ்க்கை அது தானே உள்ளே இழுத்துக்கொள்ளும். இவற்றில் பெரும்பாலும் ஊசித் துளையும் இருக்காது.

மேக்கில் விசைப்பலகையின் எஜெக்ட் விசையை அமுக்குங்கள். அல்லது, திரையில் தெரியும் டிஸ்க் படத்தை இழுத்துக்கொண்டுபோய்க் குப்பைத்தொட்டி படத்தின் மீது விடுங்கள். அழிந்துவிடுமோ என்று பயப்பட வேண்டாம். டிஸ்க்கை வெளியே தள்ளச் சொல்லும் வழி அது. அதற்கும் மசியவில்லை என்றால் ரீஸ்டார்ட் செய்து, கம்ப்யூட்டர் உயிர் பெறும்போது டிராக்பேடின் பட்டனை அமுக்கியபடியே பிடித்திருங்கள். டிஸ்க்கைத் துப்பிவிட்டுத்தான் மேற்கொண்டு போகும். உள்ளே உருளைகள் சுழலும் சத்தம் கேட்டும் டிஸ்க் வரவில்லை என்றால், பிளவு கீழ்நோக்கி இருக்கும்படி லேப்டாப்பைச் சாய்த்துப் பிடித்து எஜெக்ட் கொடுத்துப் பாருங்கள்.

பிளவுக்குள் கத்தி, ஸ்கேல், இடுக்கி எதையும் விடாதீர்கள். வழக்கமான 12 செ.மீ டிஸ்க்குக்காக அமைந்த பிளவு அது. 8 செ.மீ குட்டி சிடியை அதில் போடவே கூடாது. போட்டால் பெரும்பாலும் கடைக்குத்தான் போக வேண்டியிருக்கும்.

கடைக்குப் போகும் முன்...

இத்தனைக்கும் வரவில்லை என்றால், டிரைவைக் கழற்ற வேண்டியதுதான். கேட்கப் பயமாக இருந்தாலும், பல பழைய லேப்டாப்களில் இது சின்ன வேலை. லேப்டாப்பைத் திருப்பினால், அடிப்பக்கத்தில் சின்ன டிஸ்க் படம் போட்ட ஒரு திருகாணி இருக்கும். பேட்டரியை எடுத்துவிட்டு அந்த ஒற்றைத் திருகாணியைக் கழற்றினால், மொத்த டிரைவும் இழுப்பறை மாதிரி பக்கவாட்டில் வந்துவிடும். சில திங்க்பேட் மாடல்களில் திருகாணிகூடக் கிடையாது, ஒரு கொக்கியைத் தள்ளினாலே போதும். எல்லா மாடலும் இப்படி இல்லை. திருகாணி எது என்று தெளிவாகத் தெரியாவிட்டால் கை வைக்க வேண்டாம்.

டிரைவை மட்டும் தனியாக எடுக்க முடிந்தால், அதை மட்டும் கடைக்குக் கொண்டுபோகலாம். குடும்பப் படங்களும் பாஸ்வேர்டுகளும் இருக்கும் லேப்டாப்பை முன்பின் தெரியாத கடையில் விட்டுவிட்டு வரும் கவலை இல்லை.

கடைக்காரரிடம் மறக்காமல் ஒன்றைச் சொல்லுங்கள்: "டிரைவ் போனாலும் பரவாயில்லைண்ணே, டிஸ்க் உடையக் கூடாது."

சொல்லாவிட்டால், ரிப்பேருக்கு வந்தது டிரைவ் என்றே அவர் நினைப்பார். டிரைவைக் காப்பாற்ற டிஸ்க்கை உடைத்து எடுப்பது அவருக்கு நியாயமான வழியாகத் தோன்றலாம். முன்கூட்டியே சொல்லிவிட்டால், டிரைவின் மேல்மூடியையே கழற்றி டிஸ்க்கை முழுதாக எடுத்துக்கொடுப்பார்.

இதையெல்லாம் செய்யாதீர்கள்!

* லேப்டாப்பைத் தட்டுவது, குலுக்குவது வேண்டாம். பழைய லேப்டாப்பில் ஹார்ட் டிஸ்க்கும் சேர்ந்து போய்விடும்.
* தேங்காய் எண்ணெய், தையல் மிஷின் எண்ணெய் எதையும் விடாதீர்கள். லென்ஸில் ஒரு துளி பட்டாலும் டிரைவ் குருடாகிவிடும்.
* லேப்டாப் ஆன் ஆகியிருக்கும்போது ஊசித் துளையில் கம்பியை விடாதீர்கள். சுழலும் டிஸ்க்கோடு ட்ரே வெளியே வந்தால், டிஸ்க்குக்கும் ஆபத்து, விரலுக்கும் ஆபத்து.
* திறந்த டிரைவின் லென்ஸை, மின்சாரம் இருக்கும்போது குனிந்து பார்க்காதீர்கள். அது லேசர். குழந்தைகள் பக்கத்தில் இருந்தால் கூடுதல் கவனம்.

டிஸ்க் வெளியே வந்துவிட்டது... அடுத்து?

வந்த சந்தோஷத்தில் உடனே மறுபடி உள்ளே போட்டுவிடாதீர்கள். முதலில் வெளிச்சத்தில் பிடித்து நடுத்துளையைப் பாருங்கள். அங்கே சின்ன விரிசல் இருந்தால், எந்த டிரைவிலும் அதைப் போடக் கூடாது. வேகமாகச் சுழலும்போது சில்லுச் சில்லாகச் சிதறிவிடும்.

விரிசல் இல்லை, தூசிதான் என்றால், மெல்லிய பருத்தித் துணியால் துடைக்கலாம். வட்டமாகத் துடைக்காதீர்கள். நடுவில் இருந்து ஓரம் நோக்கி நேர்கோடாகத் துடைக்க வேண்டும். தகவல் வட்டப்பாதையில் பதிவாகியிருக்கிறது. குறுக்கே விழும் கீறலை டிரைவ் சமாளித்துவிடும். பாதையோடு சேர்ந்து ஓடும் கீறலைச் சமாளிப்பது கடினம்.

ஸ்டிக்கரை என்ன செய்வது? பிய்த்து எடுக்கத் தோன்றும். சிடியாக இருந்தால் செய்யவே செய்யாதீர்கள். சிடியில் தகவல் இருக்கும் படலம் ஸ்டிக்கர் பக்கத்துக்கு மிக அருகில் இருக்கிறது. ஸ்டிக்கரோடு அந்த வெள்ளிப் படலமும் உரிந்து வந்தால், அதோடு எல்லாம் முடிந்தது. டிவிடியில் அந்தப் படலம் இரண்டு பிளாஸ்டிக் தகடுகளுக்கு நடுவே பாதுகாப்பாக இருந்தாலும், ஸ்டிக்கரை இழுக்கும் வேகத்தில் டிஸ்க் வளைந்து தகடுகள் பிரியும் ஆபத்து உண்டு. கிளம்பியிருக்கும் மூலையை மட்டும் கத்தரித்துவிட்டு, மற்றதை அப்படியே விடுவது நல்லது.

பிறகு, டிஸ்க்கை நல்ல நிலையில் உள்ள வேறொரு டிரைவில் போடுங்கள். யுஎஸ்பி ஒயரில் இணைக்கும் வெளி டிவிடி டிரைவ்கள் இன்னும் கடைகளில் கிடைக்கின்றன. டிஸ்க் திறந்ததும், படம் பார்க்க உட்காராதீர்கள். முதலில் பிரதி எடுங்கள். கல்யாண டிவிடிக்குள் பெரும்பாலும் 'வீடியோ டிஎஸ்' என்ற ஃபோல்டர் இருக்கும். அதை முழுசாகக் கம்ப்யூட்டரில் காப்பி செய்துகொண்டால் போதும், விஎல்சி பிளேயரில் அப்படியே ஓடும். ஒரு சாதாரண டிவிடியின் கொள்ளளவு 4.7 ஜிபிதான். 64 ஜிபி பென்டிரைவ் ஒன்றில் கல்யாணம், வளைகாப்பு, காதுகுத்து, கிரகப்பிரவேசம் என்று பத்து டிவிடிகளுக்கு மேல் அடங்கிவிடும். ஒரு பிரதியோடு நிறுத்தாதீர்கள். பென்டிரைவில் ஒன்று, ஊரில் இருக்கும் அண்ணனிடமோ அக்காவிடமோ ஒன்று.

இந்த வாரமே ஏன்?

காரணம் இருக்கிறது. 1982-ல் சிடி கடைக்கு வந்தது. 1996-ல் டிவிடி வந்தது. 2008-ல் வந்த முதல் மேக்புக் ஏரில் டிஸ்க் டிரைவே இல்லை. அதன் பிறகு ஒல்லி லேப்டாப்கள் ஒவ்வொன்றாக அந்த வழிக்கே போய்விட்டன. இன்று கடையில் வாங்கும் லேப்டாப்பில் ட்ரே தேடினால், விற்பனையாளர் சிரிப்பார். ஸ்டுடியோக்களில் எரித்துக்கொடுத்த டிவிடிகளில் தகவல் இருப்பது ஒருவகைச் சாயப் படலத்தில்தான். வெயிலும் வெப்பமும் ஈரமும் அதை மெல்ல மெல்ல அழிக்கின்றன. டிஸ்க்கும் மூப்படைகிறது, அதைப் படிக்கும் கருவியும் மறைந்துகொண்டிருக்கிறது.

அந்த வகையில் டிஸ்க் சிக்கிக்கொண்டதுகூட ஓர் எச்சரிக்கை மணிதான். சிக்காமல் ஓடியிருந்தால், பார்த்துவிட்டு மறுபடி பட்டுப்புடவைக்கு அடியில் வைத்திருப்பார்கள். அடுத்த முறை எடுக்கும்போது, ஓடவே ஓடாமல் போயிருக்கலாம்.

ஜெம் கிளிப் உள்ளே போய், 'டக்' என்று ட்ரே எட்டிப்பார்க்கும் அந்தக் கணத்தில் வீடே கை தட்டும். பதினைந்து இருபது நிமிடங்களில் பிரதியும் தயாராகிவிடும். அப்புறம் எல்லோரும் உட்கார்ந்து பார்க்கலாம். நாதஸ்வரத்துக்கு நடுவே, கேமராவைப் பார்த்து, "எல்லாரும் சாப்பிட்டாச்சா?" என்று தாத்தா கேட்பார். அவர் குரலை அதுவரை கேட்டிராத பேரன், அன்றைக்குத்தான் முதன்முறையாக அதைக் கேட்பான்.